மீன்தொட்டி வழிந்தால் பம்ப் தானாக நிற்க: ஃப்ளோட் சுவிட்சும் ரிலேயும் எப்படி வேலை செய்கின்றன

மீன் வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் தாராளமாக வழங்கும் ஆலோசனை ஒன்று உண்டு: "ஒரு ஃப்ளோட் சுவிட்ச் வாங்கி மாட்டிவிடு, அப்புறம் தண்ணீர் வழியவே வழியாது." நீர்மட்டம் ஏறி இறங்குவதை ஒரு மிதவையால் அறியும் சுவிட்ச் அது. சொல்வது பொய் இல்லை, ஆனால் பாதிதான். சுவிட்சை எந்தத் தொட்டியில் மாட்டுவது, அது எந்த பம்பை நிறுத்த வேண்டும், நடுவில் ஒயர் அறுந்துபோனால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளுக்கு அந்த ஆலோசனையில் பதில் கிடையாது. அதனால்தான் சுவிட்ச் மாட்டிய வீடுகளிலும் ஹால் நனைகிறது.

எலெக்ட்ரானிக்ஸ் படிக்காதவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ஒரு நிபந்தனை மட்டும் முன்கூட்டியே. இதில் 12 வோல்ட் பக்கம் ஒன்று, 230 வோல்ட் பக்கம் ஒன்று என இரண்டு பக்கங்கள் வரும். 12 வோல்ட் பக்கத்தைப் பொறுமையுள்ள எவரும் செய்யலாம். 230 வோல்ட் பக்கத்தைப் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் கை வைப்பதை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் வீட்டு மின்சாரம் விளையாட்டில்லை.

மொட்டைமாடி டேங்கும் மீன்தொட்டியும்

நம் வீடுகளில் கீழே ஒரு சம்ப், மேலே ஒரு டேங்க், நடுவில் ஒரு மோட்டார். டேங்க் நிரம்பியதும் யாராவது ஓடிப்போய் மோட்டாரை அணைக்க வேண்டும், அல்லது ஒரு கண்ட்ரோலர் அணைக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் ஓவர்ஃப்ளோ பைப் வழியாகத் தண்ணீர் வெளியே கொட்டும். தெருவே பார்த்துச் சத்தம் போடும்.

கொஞ்சம் பெரிய மீன்தொட்டிகளிலும் இதே ஏற்பாடுதான். மேலே மீன்கள் இருக்கும் தொட்டி. கீழே அலமாரிக்குள் வடிகட்டிகளோடு இன்னொரு தொட்டி, அதன் பெயரும் சம்ப். சம்பின் கடைசி அறையில் இருக்கும் பம்ப் தண்ணீரை மேலே அனுப்புகிறது. இதை ரிட்டர்ன் பம்ப் என்கிறோம். மேலே போன தண்ணீர் வடிகுழாய் வழியாகத் தானாக சம்புக்கு இறங்கிவிடும். இரவும் பகலும் இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும்.

வித்தியாசம் ஒன்றுதான், ஆனால் அது பெரியது. மொட்டைமாடியில் ஓவர்ஃப்ளோ பைப் அவசரத்துக்கானது, வருடத்தில் சில தடவை வேலை செய்தால் அதிகம். மீன்தொட்டியில் வடிகுழாய்தான் அன்றாடப் பாதை. ஒரு இலையோ நத்தையோ அதன் வாயை அடைத்தால் தண்ணீருக்கு வேறு வழி கிடையாது. பம்ப் அதை அறியாது, தள்ளிக்கொண்டே இருக்கும். நிரம்பி வழிவது மொட்டைமாடியிலும் நடப்பதில்லை, டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில்.

வெள்ளம் இரண்டு வகை, சுவிட்ச் ஒன்றைத்தான் தடுக்கும்

பலர் தவறவிடும் இடம் இது. மீன்தொட்டி வழிவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று மின்சாரம் இருக்கும்போது நடப்பது. மற்றது மின்சாரம் போகும்போது நடப்பது.

முதல் வகையை மேலே பார்த்தோம். வடிகுழாய் அடைபடுகிறது, பம்ப் ஓடுகிறது, மேல்தொட்டி வழிகிறது. பம்பை நிறுத்தினால் தீர்ந்தது.

இரண்டாவது வகையில் கரண்ட் போனதும் பம்ப் நின்றுவிடுகிறது. மேலே தண்ணீர் கொண்டுபோன அதே குழாய் இப்போது எதிர்த்திசையில் வேலை செய்யத் தொடங்குகிறது. குழாய்க்குள் நிறைந்து நிற்கும் நீர் கீழ்நோக்கி இறங்கும்போது பின்னாலிருக்கும் நீரையும் இழுத்துக்கொண்டு வரும். இதற்கு சைஃபன் என்று பெயர். குழாயின் வாய் மேல்தொட்டியில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அந்த ஆழம் வரை தண்ணீர் சம்புக்கு இறங்கும். வாய்க்குள் காற்று புகுந்தால்தான் நிற்கும்.

எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டால் பயம் வரும். தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் என்றால் ஒவ்வொரு செ.மீ. உயரத்துக்கும் 5.4 லிட்டர். குழாயின் வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 54 லிட்டர் கீழே இறங்கும். சம்பின் அடிப்பரப்பு 75 செ.மீ.க்கு 40 செ.மீ. என்று வையுங்கள், அதில் நீர்மட்டம் 18 செ.மீ. உயரும். சம்பில் அவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் மிச்சம் தரைக்கு.

இந்த வெள்ளத்தில் நிறுத்துவதற்கு எந்தக் கருவியும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. பம்ப் ஏற்கனவே நின்றுவிட்டது. எவ்வளவு விலை உயர்ந்த சுவிட்ச் போட்டாலும் இதைத் தடுக்காது. இன்னும் ஒரு படி மேலே போய் யோசித்தால், தானியங்கி சுவிட்ச் பம்பை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் அதே சைஃபன் தொடங்கும். மேலே வெள்ளத்தைத் தடுத்த சுவிட்சே கீழே வெள்ளத்தைத் தொடங்கி வைக்கும்.

ஒயர் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

அதனால் முதல் வேலை குழாயில். மேலே வரும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே மட்டும் வையுங்கள். 54 லிட்டர் இறங்க வேண்டிய இடத்தில் 11 லிட்டர் போல இறங்கும், சம்ப் 4 செ.மீ.க்கும் குறைவாகவே உயரும். வாய் ஆழமாகத்தான் இருக்க வேண்டும் என்றால், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை போடுங்கள். நீர் துளை வரை இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். அந்தத் துளையைப் பாசி அடைக்கும், எனவே மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிட வேண்டும்.

நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் போதாதா என்று பிளம்பர் கேட்பார். போடலாம். ஆனால் அதன் மூடியில் ஒரு பாசித் துணுக்கு சிக்கினாலும் முழுதாக மூடாது. அதை நம்பி சம்பில் இடம் விடாமல் இருக்கக் கூடாது.

அடுத்தது, கடைசி அறையின் அளவு. ரிட்டர்ன் பம்ப் தன் அறையில் இருக்கும் தண்ணீரை மட்டுமே மேலே தள்ள முடியும், மற்ற அறைகளின் நீர் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுவிடும். அந்த அறை 25 செ.மீ.க்கு 40 செ.மீ., பம்பின் வாய்க்கு மேலே 20 செ.மீ. நீர் என்றால் மொத்தம் 20 லிட்டர். மேலே வடிகுழாய் முழுக்க அடைபட்டாலும் மேல்தொட்டி 3.7 செ.மீ. தான் உயரும். விளிம்புக்குக் கீழே 5 செ.மீ. காலி விட்டிருந்தால் ஒரு சொட்டும் வழியாது. 3 செ.மீ. மட்டும் விட்டிருந்தால் 4 லிட்டர் போலத் தரைக்கு வரும். இந்தக் கணக்கை அளவுநாடாவை வைத்துப் போட்டுப் பார்த்தாலே பாதிப் பேருக்குச் சுவிட்ச் அவசரத் தேவை இல்லை என்று தெரிந்துவிடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கரண்ட் போகும்போது வரும் வெள்ளத்துக்கு மருந்து குழாயின் உயரமும் சம்பின் காலி இடமும். கரண்ட் இருக்கும்போது வரும் வெள்ளத்துக்குத்தான் தானியங்கி நிறுத்தம். இனி கரண்ட் இருக்கும்போது வரும் வெள்ளத்தை மட்டும் பார்க்கலாம். அதிலும் இன்னொரு ஆபத்து சேர்ந்துகொள்கிறது. தண்ணீரெல்லாம் மேலே போய்விட்டால் கீழே பம்ப் வறண்டு ஓடும். நீரில் மூழ்கி நிற்கும் பம்பைக் குளிர வைப்பது அந்த நீர்தான், அது இல்லாமல் ஓடினால் கருகிப்போகும்.

ஃப்ளோட் சுவிட்சுக்குள் என்ன இருக்கிறது

மீன்தொட்டிக்கு ஏற்ற சின்ன ஃப்ளோட் சுவிட்ச் விரல் நீளம்தான் இருக்கும். நடுவே ஒரு பிளாஸ்டிக் தண்டு, அதில் மேலும் கீழும் நகரும் ஒரு மிதவை. மிதவைக்குள் காந்தம் ஒளிந்திருக்கிறது. தண்டுக்குள் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் இரண்டு மெல்லிய இரும்புக் கலவைத் தகடுகள். காந்தம் அருகே வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும், இதைத்தான் சுவிட்ச் மூடியது என்பார்கள். காந்தம் விலகினால் பிரிந்துவிடும், அதாவது சுவிட்ச் திறந்தது. இதற்கு ரீட் சுவிட்ச் என்று பெயர். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் நேரடித் தொடர்பே இல்லாததுதான் இதன் அழகு.

மொட்டைமாடி கண்ட்ரோலரின் உலோகக் கம்பிகளை மீன்தொட்டிக்குள் விடுவதைச் சிலர் குறுக்குவழியாகச் செய்கிறார்கள். வேண்டாம். அந்தக் கம்பிகள் தண்ணீர் வழியே மின்சாரத்தைப் பாய்ச்சித்தான் மட்டத்தை அறிகின்றன. மெதுவாக உலோகம் அரித்துத் தண்ணீரில் கரையும். அதில் செம்பு கலந்திருந்தால் இறாலும் நத்தையும் முதலில் சாகும், பவளம் வளர்ப்பவர்கள் நினைத்தும் பார்க்கக் கூடாது. ஒயரில் தொங்கும் பெரிய பந்து ஃப்ளோட்டும் இங்கே உதவாது. அது கவிழ்ந்து நிமிர அதிக இடம் வேண்டும். நமக்கோ ஒன்றிரண்டு செ.மீ. வித்தியாசத்திலேயே விழித்துக்கொள்ளும் சுவிட்ச் வேண்டும்.

சரி, இந்தச் சின்ன சுவிட்சை பம்பின் ஒயரை வெட்டி நடுவில் சேர்த்துவிடலாமா? இதைத்தான் பலர் செய்கிறார்கள், இரண்டு காரணங்களால் இது தவறு.

ஒன்று, தாங்கும் திறன். இந்த வகை ரீட் சுவிட்சுகள் பெரும்பாலும் 10 வாட் அளவுக்கே செய்யப்பட்டவை. ஒரு சாதாரண ரிட்டர்ன் பம்பே 40 வாட் இருக்கும். ஓடத் தொடங்கும் கணத்தில் அதைவிட அதிகமாக இழுக்கும், நிற்கும் கணத்தில் தகடுகளுக்கு நடுவே பொறி பறக்கும். நாளாக ஆக அந்தப் பொறியில் தகடுகள் ஒன்றோடொன்று பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய சுவிட்ச் பம்பை நிறுத்தவே நிறுத்தாது. கொடுமை என்னவென்றால், வெளியிலிருந்து பார்த்தால் மிதவை அழகாக மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது காரணம் அதைவிட முக்கியமானது. தண்டில் நுண்ணிய விரிசல் விட்டால் 230 வோல்ட் நேராகத் தொட்டி நீருக்குள். நீங்கள் கை விடும் நீர் அது.

ரிலே: சின்ன மின்சாரம் பெரிய மின்சாரத்தை அணைப்பது

இந்த இரண்டு சிக்கலுக்கும் தீர்வு ரிலே. அதற்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது, எலெக்ட்ரீஷியன்கள் காயில் என்பார்கள். காயிலில் 12 வோல்ட் பாய்ந்தால் அது மின்காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். இழுபட்ட தகடு, முற்றிலும் தனியாக இருக்கும் 230 வோல்ட் பாதையை இணைக்கும். காயிலுக்கும் அந்தப் பாதைக்கும் நடுவே மின்தொடர்பு கிடையாது. காயில் இழுக்கும் மின்சாரம் 100 மில்லிஆம்பியருக்கும் குறைவு, 12 வோல்ட்டில் அது ஒரு வாட்டைச் சுற்றித்தான் வரும். ரீட் சுவிட்ச் அதைச் சுலபமாகத் தாங்கும். தொட்டிக்குள் போகும் ஒயரிலும் 12 வோல்ட் மட்டுமே இருக்கும்.

ரிலேயின் தொடுமுனைகளில் மூன்று பெயர்கள் வரும். பொதுமுனையில் பம்புக்குப் போக வேண்டிய மின்சாரம் வந்து சேரும். என்.ஓ. (நார்மலி ஓபன், இயல்பில் திறந்தது) முனை, காயிலில் மின்சாரம் இல்லாதபோது பொதுமுனையோடு சேராமல் இருக்கும், காயில் இழுத்தால் சேரும். என்.சி. (நார்மலி குளோஸ்டு, இயல்பில் மூடியது) முனை இதற்கு நேர் எதிர், காயில் இழுத்தால் பிரியும். இரண்டு பெயர்களும் காயிலில் மின்சாரம் இல்லாத நிலையை வைத்துச் சூட்டியவை. பம்ப் ஓடும் நிலையை வைத்து அல்ல. இதை மறந்தால் அடுத்த பகுதி குழம்பும்.

அறுந்தால் எந்தப் பக்கம் விழும்?

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்தக் கேள்விதான். ஒரே சுவிட்ச், ஒரே ரிலே. இவற்றை இரண்டு விதமாக இணைக்கலாம். இரண்டுமே முதல் நாள் சோதனையில் சரியாக வேலை செய்யும்.

முதல் விதம், எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றுவது. நீர் உயர்கிறது, மிதவை மேலே போகிறது, சுவிட்ச் மூடுகிறது, காயிலுக்கு மின்சாரம் போகிறது, ரிலே இழுத்து பம்பைத் துண்டிக்கிறது. பம்பை என்.சி. முனையில் இணைத்திருப்பார்கள். ஆபத்து வந்தால் ரிலே "எழுந்து" வேலை செய்ய வேண்டும் என்பது இதன் தர்க்கம்.

இதில் 12 வோல்ட் அடாப்டர் கெட்டுப்போனால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், மீன்கள் நீந்திக்கொண்டே இருக்கும். ஆனால் காவல் போய்விட்டது. ஃப்ளோட்டின் ஒயரை எலி கடித்தாலும், கனெக்டரில் உப்பு பூத்து இணைப்பு விட்டாலும் இதே கதை. வெள்ளம் வரும் நாள் வரை உங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது விதத்தில் எல்லாம் தலைகீழ். நீர் பாதுகாப்பான மட்டத்தில் இருக்கும்போது சுவிட்ச் மூடியே இருக்கிறது. காயிலில் எப்போதும் மின்சாரம் பாய்ந்து, ரிலே எப்போதும் இழுத்துப் பிடித்திருக்கிறது. பம்ப் என்.ஓ. முனையில். நீர் உயர்ந்தால் சுவிட்ச் திறக்கும், காயில் விடும், பம்ப் நிற்கும். இப்போது அடாப்டர் கெட்டால் பம்ப் நிற்கும். ஒயர் அறுந்தால் நிற்கும். கனெக்டர் கழன்றால் நிற்கும். காயில் கருகினால் நிற்கும். இந்தப் பழுதுகள் எல்லாம் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். பழுதானால் ஆபத்தில்லாத பக்கம் விழும்படி அமைப்பதற்கு ஃபெயில்-சேஃப் என்று பெயர்.

ரிலே நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருந்தால் சூடாகாதா, கரண்ட் செலவாகாதா என்று கேட்பார்கள். லேசாகச் சுடும், அதற்காகத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. செலவு ஒரு வாட் அளவு. அதைக் காரணம் காட்டி முதல் விதத்துக்குத் திரும்பாதீர்கள்.

வாங்கிய சுவிட்ச் எந்த வகை என்று அட்டையைப் படித்துக் குழம்ப வேண்டாம். மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து இரண்டு ஒயர்களில் தொடுங்கள். மிதவை கீழே இருக்கும்போது பீப் வர வேண்டும், மேலே தூக்கினால் அடங்க வேண்டும். எதிராக இருந்தால், தண்டின் நுனியில் இருக்கும் கிளிப்பைக் கழற்றி மிதவையைத் தலைகீழாகப் போடுங்கள். பெரும்பாலான சின்ன ஃப்ளோட்டுகள் இதிலேயே மாறிவிடும்.

மறுபடி ஒருமுறை: பாதுகாப்பான நிலையில் சுவிட்ச் மூடியிருக்க வேண்டும், காயில் இழுத்திருக்க வேண்டும், பம்ப் என்.ஓ. முனையில் இருக்க வேண்டும்.

ஒரே கோட்டில் மூன்று காவல்

இணைப்பு எளிது. அடாப்டரின் பிளஸ் ஒயர் முதல் ஃப்ளோட்டுக்குப் போகும், அங்கிருந்து இரண்டாவது ஃப்ளோட், அங்கிருந்து மூன்றாவது, பிறகு காயிலின் ஒரு முனை. காயிலின் மறுமுனையிலிருந்து அடாப்டரின் மைனஸுக்கு. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பதைத் தொடர் இணைப்பு என்கிறோம். கோட்டில் எந்த ஒன்று திறந்தாலும் பம்ப் நிற்கும்.

ஏன் ஒன்றுக்கு மேல்? இணைப்பை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு பழுது மிச்சமிருக்கிறது. மிதவையே சிக்கிக்கொள்வது. பாசி, உப்புப் படிவு, தண்டில் ஏறிய நத்தை என எதுவாகவும் இருக்கலாம். சிக்கிய மிதவை நீர் உயர்ந்தாலும் எழாது, சுவிட்ச் மூடியே இருக்கும். அதற்காகத்தான் மேல்தொட்டியில் ஒரு ஃப்ளோட்டுக்குச் சற்று மேலே இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் சிக்குவது அரிது.

மூன்றாவது ஃப்ளோட் சம்பின் கடைசி அறையில், எதிர்த்திசையில். நீர் இருக்கும்போது மூடியிருக்கும், இறங்கினால் திறக்கும். பம்ப் வறண்டு ஓடாமல் காப்பதற்கு என்றுதான் இதைச் சொல்வார்கள். எனக்கென்னவோ இதுதான் மூன்றிலும் கெட்டிக்காரக் காவல் என்று தோன்றுகிறது. மேலே கூடுதலாகப் போன தண்ணீர் எங்கிருந்து வந்தது? இந்த அறையிலிருந்துதான். மேல்தொட்டி 1 செ.மீ. உயர்ந்தால் இந்த அறை 5 செ.மீ.க்கு மேல் இறங்கியிருக்கும், மாற்றம் இங்கேதான் பெரிதாகத் தெரியும். குழாய் கழன்று தரையில் பீய்ச்சினால் மேல்தொட்டி ஃப்ளோட்டுக்கு ஒன்றும் தெரியாது, மேலே நீர் உயரவே இல்லையே. கீழே இருப்பதற்குத் தெரிந்துவிடும். ஒன்றே ஒன்று வாங்கக் காசிருந்தால் நான் இங்கேதான் மாட்டுவேன். இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் தினம் 2 லிட்டர் ஆவியானால் இந்த அறை 2 செ.மீ. இறங்கும். தண்ணீர் ஊற்ற மறந்தால் வெள்ளம் எதுவும் இல்லாமலேயே பம்ப் நிற்கும்.

காயிலின் இரு முனைகளுக்குக் குறுக்கே ஒரு டயோடு வையுங்கள். ஒரே திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் சின்ன உறுப்பு அது. 1என்4007 என்று கேட்டால் சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கொடுப்பார்கள். கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். காயில் அணையும் கணத்தில் எழும் எதிர் மின்னழுத்தத்தை இது விழுங்கிக்கொள்ளும், ரீட் தகடுகளில் பொறி வராது. மாற்றி வைத்தால் அடாப்டரையே ஷார்ட் ஆக்கிவிடும், கவனம்.

ரிலே படபடத்தால்

இப்போது வேறொரு தொல்லை. நீர்ப்பரப்பு அசையாமல் இருப்பதில்லை. அலையில் மிதவை ஆட, ரிலே டக் டக்கென்று துடிக்கும். பம்ப் நின்றதும் தண்ணீர் கீழே இறங்குவதால் கீழ் ஃப்ளோட் மறுபடி எழும், பம்ப் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். இப்படித் துடித்தே பம்பும் ரிலேயும் பாழாகும்.

ஒரு வழி, நின்றால் நின்றதுதான், யாராவது வந்து பட்டனை அழுத்தினால்தான் மறுபடி ஓடும் என்று செய்வது. இதை லாட்சிங் என்கிறார்கள். வயலில் பம்ப்செட் ஸ்டார்ட்டரின் பச்சை பட்டன் இப்படித்தான் வேலை செய்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கரண்ட் போய் வந்தாலும் அது விட்டுவிடும். நீங்கள் காலையில் ஆபீஸ் போனபின் ஐந்து நிமிடம் கரண்ட் போனால், மாலை வரை பம்ப் ஓடாது. நம் ஊருக்கு ரிட்டர்ன் பம்பில் லாட்சிங் சரிப்படாது என்பது என் கருத்து.

அதற்குப் பதிலாகத் தாமத டைமர். ஃப்ளோட் மூடியவுடன் பம்பை ஓட்டாமல், 5 நிமிடம் தொடர்ந்து மூடியிருந்தால்தான் ஓட்டும். 12 வோல்ட் டைமர் மாட்யூலாகவே கிடைக்கிறது. கூடவே, பம்ப் நின்றால் ஒலிக்கும்படி ஒரு பஸ்ஸர். ஃபில்டர் நின்றிருப்பது தெரியாமல் ஒரு நாள் முழுக்கக் கடந்துவிடக் கூடாது.

காற்று பம்பை மட்டும் இந்த ரிலேயில் சேர்க்காதீர்கள். அது தனி சாக்கெட்டில் ஓடட்டும். ரிட்டர்ன் பம்ப் நின்ற நேரத்தில் மீன்களுக்கு ஆக்ஸிஜன் அதிலிருந்துதான். கடல்நீர்த் தொட்டியின் புரோட்டீன் ஸ்கிம்மர் (நுரையாக அழுக்கைப் பிரிக்கும் கருவி) இதற்கு நேர்மாறு, அது ரிட்டர்ன் பம்போடு சேர்ந்தே நிற்க வேண்டும். பம்ப் நின்றதும் சம்பில் நீர் உயரும், உயர்ந்த நீரில் ஸ்கிம்மர் ஓடினால் நுரைக் கிண்ணம் பொங்கி வழியும்.

தண்ணீர் சேர்க்கும் தானியங்கி

ஆவியான நீரைத் தானாக ஈடுசெய்யும் ஏற்பாட்டையும் பலர் வைத்திருக்கிறார்கள். நீர் குறைந்தால் ஃப்ளோட் மூடி ஒரு குட்டி பம்ப் ஓடும், நிரம்பினால் நிற்கும். ஒயர் அறுந்தால் நிற்கும் பக்கம்தான் விழும், அது நல்லது. மிதவை கீழே சிக்கினால்தான் வம்பு, ஓடிக்கொண்டே இருக்கும். மேலே ஒரு காவல் ஃப்ளோட்டைத் தொடரில் சேர்ப்பது வழக்கமான தீர்வு.

அதைவிட நல்ல தீர்வுக்கு ஒயரே வேண்டாம். குழாய் லைனிலோ ஆர்.ஓ. லைனிலோ நேரடியாக இணைக்காமல், 10 லிட்டர் கேனிலிருந்து எடுக்கும்படி வையுங்கள். எல்லாமே பழுதானாலும் 10 லிட்டர்தான் போகும். 250 லிட்டர் கடல்நீரில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு இருந்தால், கூடுதலாக 10 லிட்டர் நன்னீர் சேர்ந்தால் 33.7 ஆகும், மீன்கள் தாங்கும். 50 லிட்டர் சேர்ந்தால் 29 ஆகும். பவளங்கள் அதைத் தாங்கும் என்று நம்பி இருக்க முடியாது.

230 வோல்ட் பக்கம்: எலெக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியவை

ரிலே துண்டிப்பது ஃபேஸ் ஒயரையாக இருக்க வேண்டும், நியூட்ரலை அல்ல. நியூட்ரலைத் துண்டித்தால் பம்ப் நிற்கும், ஆனால் அதன் உள்ளே மின்சாரம் உயிரோடு இருக்கும். ரிலேயை மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், தொட்டிக்கு மேலேயோ நேர் கீழேயோ இல்லாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். திறந்த போர்டில் வரும் நீல நிற ரிலேக்கள் மேசைப் பரிசோதனைக்குச் சரி, உப்புக் காற்று படும் அலமாரிக்குச் சரியில்லை. அசையும் பாகமே இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலேயையும் தவிர்க்கலாம். அது பழுதானால் பெரும்பாலும் மூடிய நிலையில்தான் பழுதாகும், நமக்கு வேண்டாத பக்கம் அதுதான். வைஃபை பிளக்கை மட்டும் நம்பாதீர்கள். பம்ப் நிற்க வேண்டிய நேரத்தில் ரவுட்டர் என்ன நிலையில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

தொட்டியின் சாக்கெட்டுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். உங்கள் உடல் வழியாகக் கொஞ்சம் தரைக்குப் போனால் சமன் கெடும், உடனே துண்டிக்கும். எம்.சி.பி. இந்த வேலையைச் செய்யாது, அது ஒயர் எரியாமல் காப்பதற்கு. அப்புறம், பம்பின் ஒயர் தொட்டியிலிருந்து நேராக சாக்கெட்டுக்கு ஏறக் கூடாது. சாக்கெட்டைவிடக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு ஏறட்டும். ஒயர் வழியே இறங்கும் சொட்டு வளைவின் அடியில் விழுந்துவிடும்.

மாட்டியபின் சோதிப்பது

விரலால் மிதவையைத் தூக்கிப் பார்ப்பது பாதிச் சோதனைதான். முழுச் சோதனைக்கு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது வடிகுழாயின் வாயைக் கையால் மூடுங்கள். நீர் உயர்ந்து விளிம்பைத் தொடுமுன் பம்ப் நிற்க வேண்டும். பிறகு அடாப்டரைப் பிடுங்குங்கள், நிற்க வேண்டும். ஒவ்வொரு ஃப்ளோட்டின் கனெக்டரையும் தனித்தனியாகக் கழற்றுங்கள், ஒவ்வொரு தடவையும் நிற்க வேண்டும். ஏதாவது ஒன்றில் ஓடிக்கொண்டே இருந்தால் இணைப்பு எங்கோ தலைகீழாக இருக்கிறது.

கடைசியாக மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சைஃபன் தானாக நிற்கும் வரை காத்திருங்கள். சம்பில் நீர் எவ்வளவு உயரம் வந்து நின்றது என்று பாருங்கள். விளிம்புக்குக் கீழே இடம் இருந்தால், கரண்டைப் போட்டு எல்லாம் பழைய நிலைக்கு வந்தபின், கடைசி அறையில் நீர் நிற்கும் மட்டத்தில் கண்ணாடியின் வெளிப்புறம் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். இனி யார் தண்ணீர் ஊற்றினாலும், பம்ப் ஓடும்போது அந்தக் கோட்டைத் தாண்டி ஊற்றக் கூடாது.